எந்த வண்டி

நாமக்கல் பக்கம் சக்கரம் வைத்தது எல்லாமே வண்டிதான். லாரி வண்டி, மொபெட் வண்டி, முட்டை ஏற்றிக்கொண்டு கேரளா போவது வண்டி, ரயிலும் வண்டி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிக்கு வேலைக்குப் போனவனைத் தேடி அவன் வீட்டுக்குப் போனால், "வண்டிக்குப் போயிருக்கறாருங்க" என்று பதில் வரும். எந்த வண்டி என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். கேட்டால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும். அன்புச்செல்வியிடம் அதைக் கேட்டிருக்க வேண்டிய வெளியூர்க்காரர் ஒருவர் கேட்காமல் விட்டுவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவளுடைய கணவன் சரவணக்குமார் ரிக் வேலைக்காரன். ரிக்குக்குப் பின்னால் இரும்பு ராடுகளை ஏற்றிக்கொண்டு இன்னொரு லாரி போகும். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சோளக்காட்டில் அந்த லாரியைப் பின்னுக்கு எடுக்கும்போது, மேலே நின்றுகொண்டிருந்தவன் தவறிக் கீழே விழுந்தான். கூடவே ராடுகளும் உருண்டு வந்து விழுந்தன. வலது கால் முழங்காலுக்குக் கீழே நைந்து போயிற்று. கூட வேலை செய்தவர்கள் அவனை அள்ளித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தகவல் தெரிந்து அன்புச்செல்வி போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா அடிபட்டுச்சு?"

"வண்டியிலிருந்து உழுந்துட்டாருங்க."

"ஓடுற வண்டியா?"

"ஆமாங்க. ஓடீட்டிருந்த வண்டிதானுங்க."

டாக்டர் தெற்கே எங்கோ இருந்து வந்தவர். சற்று முன்புதான், அதே புதுச்சத்திரம் பக்கத்தில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து செத்துப்போன ஓர் ஆளைப் பிணவறைக்கு அனுப்பியிருந்தார். அடையாளம் தெரியாத ஆள். அவர் மனதில் இரண்டும் ஒரே ரயிலாகிவிட்டது. ஓடும் ரயிலிலிருந்து விழுந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு அவர் சாப்பிட்டிருந்தாரோ என்னவோ.

கோபமெல்லாம் பாலசுந்தரத்தின் மேல்தான். அவனை உபகாரி என்று சொல்லுகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். எனக்கு அவன் பெயரை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டை. வக்கீல் கிடையாது, யாராவது வக்கீலே என்று கூப்பிட்டால் மறுக்கவும் மாட்டான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், கை கால் போனவர்களின் கட்டிலருகே ஆரஞ்சுப் பழத்தோடு நிற்பான். கேஸ் பிடித்துச் சென்னையில் ஒரு வக்கீலுக்கு அனுப்புவதுதான் அவன் பிழைப்பு. சரவணக்குமாரின் காலை எடுத்த பிறகு அவன் கட்டிலருகேயும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றான்.

"அம்மிணி, ரிக்கு ஓனரு என்ன குடுப்பான்? ஆஸ்பத்திரிச் செலவக் குடுப்பான். அப்பறம் போனே எடுக்க மாட்டான். ரயில்வேன்னா கவுருமென்ட்டு. சீட்டுல டாக்டரு என்ன எழுதியிருக்கறாருன்னு பாத்தீங்களா?"

விஷயம் புரிந்ததும் அன்புச்செல்வி பதறினாள். "அவுரு ரயிலே ஏறுலீங்களே!"

"ஏறுனாருன்னு உங்களச் சொல்லச் சொன்னனா? அன்னிக்கு டாக்டருகிட்ட என்ன சொன்னீங்களோ அதையே சொல்லுங்க. வண்டியிலிருந்து உழுந்தாரு. இது பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் அவளைக் கவிழ்த்தது. பிறகு சென்னையில், ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், சத்தியம் செய்துவிட்டு அவள் சொன்னதும் அந்த ஒரே வார்த்தைதான். "வண்டியிலிருந்து உழுந்துட்டாருங்க." பக்கத்தில் நின்றவர் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது ட்ரெயின் என்ற சொல் அவள் காதில் தெளிவாக விழுந்தது. விழுந்தும், வளையலைத் திருப்பிக்கொண்டு சும்மா நின்றாள். தான் பொய் சொல்லவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இப்படிச் சொல்லிக்கொள்ளாதவர் யார், சொல்லுங்கள்.

டிக்கெட்டையும் பாலசுந்தரமே கொண்டுவந்திருந்தான். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு, விபத்து நடந்த அதே தேதியில் எடுத்தது. எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் ஒரு வார்த்தையில் தப்பித்துக்கொண்டாள். சரவணக்குமாருக்கு அந்த வசதி இல்லை. அவன் முழுப் பயணத்தையும் சொல்லியாக வேண்டும். பாலசுந்தரம் வீட்டுக்கு வந்து பாடம் நடத்தினான். சேலத்தில் ஏறினீர்கள். கூட்டம். வாசலோரம் நின்றீர்கள். ஒரு குலுக்கல். கை வழுக்கிவிட்டது. "பக்கத்துல யாரு நின்னாங்கன்னு கேட்டா, யாரையும் கவனிக்கல, தெரிஞ்ச மூஞ்சி யாருமில்லைன்னு சொல்லோணும். ஆளு இருந்தான்னு சொன்னீங்கன்னா சாட்சி கேப்பாங்க." எட்டாவதோடு நின்றவன், திருக்குறள் ஒப்பிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு அதையெல்லாம் ஒப்பித்தான். கட்டைக்காலோடு தீர்ப்பாயத்தில் நின்று அவன் பிசகாமல் சொன்னதைக் கேட்டு அன்புச்செல்விக்கே ரயில் சத்தம் கேட்டது.

இழப்பீடு கிடைத்தது. பாலசுந்தரமும் அவனுடைய வக்கீலும் எடுத்துக்கொண்டது போக மீதியில் நாமக்கல்லுக்கு வெளியே ஒரு சின்ன வீடு வாங்கினார்கள். மலிவாகக் கிடைத்த வீடு. கொல்லைப்புறத்தில் தண்டவாளம் என்பதால் மலிவு. வாங்கும்போது அது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

முதலில் அவன் கதையில் வறுத்த கடலை வந்து சேர்ந்தது. ஒரு நாள் சாயங்காலம் கரூர் பாசஞ்சர் கொல்லைப்புறமாகக் கடந்து போனபோது, கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் சொன்னான்: "எதுத்தாப்பல நின்ன ஆளு கல்லக்கா தின்னுட்டிருந்தான். தோலு பறந்து பறந்து என் மேல உழுந்துச்சு."

அன்புச்செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கேஸுதான் முடிஞ்சு போச்சுங்களே. இன்னமும் எதுக்குச் சேத்திச் சேத்திச் சொல்றீங்க?"

"சேத்தலை. இருந்துச்சு" என்றான் அவன்.

விளையாடுகிறான் என்று நினைத்தாள். பிறகு ஒரு மஞ்சள் பை வந்தது. ஒரு பச்சைத் துண்டு வந்தது. ராசிபுரம் தாண்டியதும் அடித்த ஈரக் காற்று வந்தது. அவன் வாழ்நாளில் அந்தத் தடத்தில் ரயிலேறியதே இல்லை. சேலம் போக வேண்டுமென்றால் பஸ்தான். அப்படிப்பட்டவன் எந்த இடத்தில் வண்டி வளையும், எந்தப் பாலத்தில் சத்தம் மாறும் என்று சொல்ல ஆரம்பித்தான். சோளக்காட்டைப் பற்றிக் கேட்டால், "எந்தக் காடு?" என்று முழித்தான். கூட வேலை செய்த ஆட்கள் ஒருமுறை பார்க்க வந்தபோது, அடிபட்டதை அறிந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர்களிடம் பேசுவதுபோல் அவர்களிடம் ரயிலிலிருந்து விழுந்த கதையைச் சொன்னான். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கால் போனவர்களுக்கு இல்லாத கால் வலிக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்கு அவள் தயாராக இருந்தாள். ஆனால் அவனுக்கு வலித்தது கால் இல்லை. பாசஞ்சர் போகும் நேரம் ஆனால் கை தன்னால் சட்டைப் பைக்குப் போகும். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவான். சட்டை போடாத நாளில் வெறும் நெஞ்சில் அதே இடத்தைப் பொத்திக்கொள்வான்.

"என்னத்தைங்க தேடறீங்க?"

"எடுத்துட்டாங்க."

"யாருங்க எடுத்தாங்க? எதை?"

"மண்ணுல கெடந்தனா... மூச்சு இருந்துச்சு அன்பு. டார்ச் லைட் அடிச்சுட்டு வந்தாங்க. தூக்கறக்குத்தான் வாராங்கன்னு நெனச்சேன். பையில கைய உட்டு எடுத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

அன்றைக்கு அவனைத் தரையில் கிடக்கவே விடவில்லை. விழுந்த மறுநிமிடமே ஐந்தாறு பேர் தூக்கிவிட்டார்கள். ராத்திரி வேலை என்பதால் ரிக்கின் பெரிய விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன; டார்ச்சுக்கு அவசியமே இல்லை. அப்படியானால் மண்ணில் கிடந்தது யார்? அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் மலங்க மலங்க விழித்து, தண்ணீர் கேட்டான்.

பயந்துபோய் முனியப்பன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். பூசாரி சரவணக்குமாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தார். "எதனால அடிபட்டுச்சுன்னு சொல்லு சாமி."

"வண்டியிலிருந்து உழுந்துட்டாருங்க" என்றாள் அன்புச்செல்வி, பழக்கதோஷத்தில்.

"எந்த வண்டி?"

இத்தனை காலத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "வெளங்கச் சொல்லோணும் அம்மிணி. அப்பத்தான எது புடிச்சிருக்குதுன்னு கேக்க முடியும்" என்றார் பூசாரி. கணவன் வாயைத் திறந்து ரயில் என்று சொல்லிவிடப் போகிறானே என்ற பயத்தில், இன்னொரு நாளைக்கு வருகிறோம் என்று அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சென்னையில் சத்தியம் செய்தபோது வராத நடுக்கம் அன்று வந்தது.

ராசம்மாள் வந்தது ஒரு மத்தியான வேளை. எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவள். ஒடிசலான பெண். செருப்பை வாசலுக்கு வெகு தூரத்திலேயே கழற்றிவிட்டு நின்றாள்.

"ஏனுங்க, ரயிலு வண்டியிலிருந்து உழுந்து காலு போனவரு ஊடு இதுங்களா?"

அன்புச்செல்வி பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து சரவணக்குமார் "ஆமாங்க, வாங்க" என்றான்.

ராசம்மாளின் கணவன் வீரன், சேலம் மண்டியொன்றில் மூட்டை தூக்குகிறவன். மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவான். ஒரு மாதம் வரவில்லை. மண்டியில் கேட்டால் ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். தேடாத இடமில்லை. பல மாதம் கழித்து ரயில்வே போலீசில் ஒரு போட்டோவைக் காட்டினார்கள். அடையாளம் தெரியாத பிணம் என்று அதற்குள் புதைத்தும் விட்டார்கள். இழப்பீடு கேட்டு மனுப் போட்டாள். இறந்தவன் பையில் டிக்கெட் இல்லை, அவன் பயணியே இல்லை, தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவன் என்று ரயில்வே பதில் எழுதியது. அன்று அந்த வண்டியிலிருந்து விழுந்த பயணி ஒரே ஒருவர்தான், அவரிடம் முறையான டிக்கெட் இருந்தது என்று சரவணக்குமாரின் பெயரையும் அதில் போட்டிருந்தது.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள். சண்டைக்கு இல்லை. "நீங்களும் அதே வண்டீல வந்தீங்கன்னு வக்கீலம்மா சொன்னாங்க. அதானுங்ணா, எங்கூட்டுக்காரரக் கண்ணுல கண்டீங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னு..."

இல்லை என்று சொல்லுங்கள், இல்லை என்று சொல்லுங்கள் என்று அன்புச்செல்வி கணவனை மனதுக்குள் கெஞ்சினாள்.

"பச்சைத் துண்டு போட்டிருந்தாரு. நெத்தியில இங்க ஒரு தழும்பு" என்றான் சரவணக்குமார்.

ராசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கல்லக்கா தின்னுட்டு வந்தாரு. எனக்கும் ஒரு கையி குடுத்தாரு. சிரிச்ச மூஞ்சிங்க அவுருக்கு. மஞ்சப் பையத் தொறந்து காட்டுனாரு, பாப்பாளுக்கு வளையலு வாங்கியிருக்கறேன்னு."

"கேட்டுட்டே இருந்தா சாமி அவ, வளையலு வேணும்னு..." ராசம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். தேடி அலைந்த காலமெல்லாம் ஒருத்தன்கூட அவனைப் பார்த்தேன் என்று சொன்னதில்லை. பிணத்தின் போட்டோவில் இருந்த முகத்தைத்தான் அவள் அதுவரை சுமந்துகொண்டிருந்தாள். இப்போது சிரித்துக்கொண்டு வந்த முகம் கிடைத்தது.

நெற்றியில் தழும்பில்லாத மூட்டைக்காரன் உண்டா, பச்சைத் துண்டு போடாதவன் உண்டா, வளையல் கேட்காத பெண் குழந்தை உண்டா என்று அன்புச்செல்வி தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் கடலையும் துண்டும் மஞ்சள் பையும் ராசம்மாள் வருவதற்கு வெகு நாள் முன்பே அந்த வீட்டுக்குள் வந்துவிட்டன. இதற்குச் சமாதானம் அவளிடம் இல்லை. என்னிடமும் இல்லை.

அதற்குப் பிறகு ராசம்மாள் அடிக்கடி வந்தாள். வரும்போது முருங்கைக்காயோ கொஞ்சம் முட்டையோ கொண்டுவருவாள். சரவணக்குமாரின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, புதிதாக ஏதாவது ஞாபகம் வந்ததா என்று கேட்பாள். அவனும் ஒவ்வொன்றாகக் கொடுத்தான். மழை வருமா என்று வானத்தைப் பார்த்தாராம். ராசம்மா வைக்கிற புளிக்குழம்பைப் பற்றிச் சொன்னாராம். அவளுக்கு முகம் சிவக்கும். புருஷன் செத்தவளுக்கு வெட்கத்தைப் பார் என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். ஒரு நாள் குழந்தையையும் அழைத்து வந்து, "இந்த மாமாதான் அப்பாவக் கடைசியாப் பாத்தவரு, கும்பிட்டுக்க" என்றாள். டார்ச் லைட்டைப் பற்றி மட்டும் அவன் அவளிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பாசஞ்சர் வருவதற்குள் அவள் எப்போதும் எருமப்பட்டி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள்.

சென்னைக்கு வந்து சாட்சி சொல்ல முடியுமா என்று அவள் கேட்டதும் சரவணக்குமார் உடனே ஒப்புக்கொண்டான். அன்று மாலையே அன்புச்செல்வி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பாலசுந்தரத்தின் மாடி அறைக்குப் போனாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் வெள்ளைச் சட்டை நனைந்துவிட்டது. "உம்புருசனுக்குக் கிறுக்கா? ரயில்வேல பழைய கேஸையெல்லாம் தோண்டீட்டிருக்கறான். ரோட்டுல அடிபட்டவனை ரயில்ல அடிபட்டான்னு காட்டுன வக்கீலு ரெண்டு பேரு உள்ள போயிட்டாங்க. குடுத்ததை வட்டியோட புடுங்கறான். மோசடிக் கேஸு, பொய்ச் சத்தியக் கேஸு, எல்லாம் சேத்திப் போடறான். நீயும் சத்தியம் பண்ணியிருக்கற, ஞாபகம் வெச்சுக்க. எந்த ஆளுக்காகப் போயி சாட்சி சொல்றான்? அந்த ஆளு டிக்கெட்ட வெச்சுத்தான அம்மிணி உங்க கேஸே..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அந்த டிக்கெட்டு வீரனுதுங்களா?" என்று கேட்டாள் அன்புச்செல்வி.

"பொணத்துக்கு எதுக்கு டிக்கெட்டு? மொதல்ல போன பசங்க எடுத்து வெச்சிருந்தாங்க, வாங்குனேன். அத உட்டுத்தள்ளு. வாயத் தொறக்காம இருந்தா ஊடு மிஞ்சும். தொறந்தா ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவீங்க."

டார்ச் லைட் என்று அவள் கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. கேட்டு அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? படியிறங்கி வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டிக்கெட் யாருடையது என்று சொன்னாள். நீங்கள் ரயிலில் ஏறவில்லை, லாரியிலிருந்து விழுந்தீர்கள் என்று அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். "அந்தப் புள்ளைக்கு நான் வாக்குக் குடுத்திருக்கறேன் அன்பு" என்றான். வேறு எதுவும் அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

மூன்று பேரும் பஸ்ஸில் சென்னைக்குப் போனார்கள். ராசம்மாள் எலுமிச்சஞ்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதை அன்புச்செல்விக்குத்தான் முதலில் கொடுத்தாள். அன்புச்செல்வி அதை வாங்கி மடியிலேயே வைத்திருந்தாள்.

தீர்ப்பாயத்தில் சரவணக்குமார் கூண்டில் நின்று வீரனைப் பற்றிச் சொன்னான். இந்த முறை கண்ணை மூடவில்லை. ஒப்பிக்கவும் இல்லை. பெஞ்சில் இருந்த உறுப்பினர்களே பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள். ராசம்மாள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ரயில்வே வக்கீல் எழுந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தவே இல்லை. "உங்க சொந்தக் கேஸில, பக்கத்துல யாரையும் கவனிக்கல, யாரோடவும் பேசலைன்னு சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கீங்க. இப்ப ஒருத்தர் கடலை குடுத்தார், வளையல் காட்டினார்ங்கறீங்க. இதுல எது பொய்?"

சரவணக்குமார் திகைத்தான். "அப்ப அப்பிடிச் சொல்லச் சொன்னாங்க" என்றான்.

"யார் சொல்லச் சொன்னா?"

அவன் கை சட்டைப் பைக்குப் போயிற்று. நம்பத் தகாத சாட்சி, இறந்தவரிடம் டிக்கெட் இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை, மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று வக்கீல் பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். அது மட்டும் தமிழில் இல்லை. ஆனாலும் ராசம்மாளுக்குப் புரிந்துவிட்டது. தலையாட்டுவதை நிறுத்திவிட்டாள்.

அன்புச்செல்வி அந்த நேரத்தில் என்ன நினைத்தாள் என்று எழுதுவது சுலபம். பெரிய வார்த்தையாக நாலைந்து போட்டால் போதும். அவளோ வீட்டை நினைத்தாள். சமையலறை மேடைக்கு அவளே பார்த்து வாங்கிய கறுப்புக் கல்லை நினைத்தாள். ஒற்றைக்காலோடு இவன் ஜெயிலில் கக்கூஸுக்கு எப்படிப் போவான் என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இவனைக் குழம்பிப்போன சாட்சி என்று விட்டுவிடவும் கூடும். சாயங்காலப் பஸ்ஸில் ஊருக்குப் போய்விடலாம். பக்கத்தில் அந்தக் கோழிப்பண்ணைக்காரி அழாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் அன்புச்செல்வி பேசாமல் இருந்திருப்பாளோ என்னவோ. எழுந்துவிட்டாள்.

"ஐயா, டிக்கெட்டு இருந்துச்சுங்க. வீரன் டிக்கெட்டு எடுத்துத்தானுங்க ஏறுனாரு."

உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. வயதான உறுப்பினர் அவளைக் கூண்டுக்கு வரச் சொன்னார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க கேஸுல நாங்க குடுத்த டிக்கெட்டு அவுருதுங்க. செத்துக் கெடந்தவரு பையிலிருந்து எடுத்து எங்களுக்கு வித்தாங்க."

"உங்க கணவர் வண்டியிலிருந்து விழுந்ததா நீங்கதானே சாட்சி சொன்னீங்க?"

"ஆமாங்க. வண்டியிலிருந்துதானுங்க உழுந்தாரு."

"எந்த வண்டி?"

"ரிக்கு வண்டிங்க. ராடு ஏத்தற லாரி. ரயிலு இல்லீங்க. அவுரு ரயிலு ஏறுனதே இல்லீங்க."

"பொய் சொல்றா!" என்று சரவணக்குமார் கத்தினான். "நான் வண்டியிலிருந்துதான் உழுந்தேன். மண்ணுல கெடந்தேன். இவ எங்கூடவா இருந்தா? இவளுக்கு என்ன தெரியும்?" நெஞ்சைப் பொத்திக்கொண்டு அவன் கத்தியதை அந்த அறையில் யாரும் நடிப்பு என்று நினைத்திருக்க முடியாது. காவலர் ஒருவர் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அன்புச்செல்வியை அவன் பார்த்த பார்வையில் கல்யாணம் செய்துகொண்ட ஆள் இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படிதான் நடந்தது. வாங்கிய தீர்ப்பு ரத்தாகி, பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லி வீட்டை ஜப்தி செய்தார்கள். கணவன், மனைவி, பாலசுந்தரம், சென்னை வக்கீல், எல்லார் மேலும் மோசடி வழக்கும் பொய்ச் சாட்சி வழக்கும் பாய்ந்தன. டிக்கெட் வீரனுடையது என்று பாலசுந்தரம் போலீசில் ஒப்புக்கொண்டதால் ராசம்மாளின் மனு ஜெயித்தது. சரவணக்குமார் இப்போது ஜெயிலில் இருக்கிறான். அங்கே தண்டவாளம் எதுவும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஆனால் நெஞ்சைப் பொத்திக்கொள்கிறானாம்.

ஆனால் அன்றைக்கு, தீர்ப்பாயத்தின் வராண்டாவில், போலீஸ் வரும்வரை அன்புச்செல்வியை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ராசம்மாளின் வக்கீலம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்து, இனிமேல் கவலையில்லை, கேஸ் நம்ம பக்கம் என்று ராசம்மாளின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். ராசம்மாள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மெதுவாக வந்து பெஞ்சில் அன்புச்செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப அண்ணன் அந்த வண்டீலயே வரலீங்களா?"

"வரலீங்க."

"எங்கூட்டுக்காரரப் பாக்கவே இல்லீங்களா?"

பார்த்தார் என்று சொல்லிவிடலாமா என்று அன்புச்செல்விக்கு ஒரு கணம் தோன்றியது. எப்படியோ பார்த்தார், அது என் கணக்குக்கு எட்டவில்லை என்று சொல்லலாம். ஆனால் பார்த்தது உண்மை என்றால், மண்ணில் கிடந்ததும் உண்மை. மூச்சு இருந்ததும், வெளிச்சம் வந்து திரும்பிப் போனதும் உண்மை. இவளுக்கு அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

"பாக்கலீங்க" என்றாள்.

"சிரிச்சாருன்னு சொன்னது?"

"இல்லீங்க."

"பாப்பாளுக்கு வளையலு..."

அன்புச்செல்வி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ராசம்மாள் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"காசு வராமப் போனாப் போயிருக்கட்டுமுங்க அம்மிணி" என்றாள். "இதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."